கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவன்: லோயிஸ் லேனுக்குக் கிடைக்க வேண்டிய மரியாதை

ஜூன் 2 (ஒரு வாசகரின் கேள்வி)

சூப்பர்மேன் கதையை எப்படிக் காதல் கதை என்று கொண்டாடுகிறீர்கள்? கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் ஒரு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐம்பது வருடத்துக்கு மேல் பொய் சொன்னவன் அவன். அவளைக் காதலித்தான் என்றே வைத்துக்கொள்வோம். மதித்தான் என்று சொல்ல முடியுமா?

ஜூன் 2, மாலை

1938 ஜூன் இதழை மட்டும் வைத்துப் பேசினால், முடியாது.

ஆக்‌ஷன் காமிக்ஸின் அந்த முதல் இதழை இன்று மறுபடி வாசித்தேன். பலருக்கும் அதன் அட்டைதான் நினைவில் இருக்கும்: ஒரு காரைத் தலைக்கு மேல் தூக்கிப் பாறையில் மோதுகிற சூப்பர்மேன். அந்தக் கார் ஏன் நொறுங்குகிறது என்பதற்கான கதை உள்ளே இருக்கிறது. கண்ணாடி மாட்டிக்கொண்டு கிளார்க் கென்ட் என்ற பெயரில் பத்திரிகையில் வேலை பார்க்கிறான் சூப்பர்மேன். கூட வேலை பார்க்கும் நிருபர் லோயிஸ் லேனை மாலையில் வெளியே அழைக்கிறான். போனால் போகட்டும் என்று அவளும் வருகிறாள். நடன அரங்கில் புட்ச் என்ற முரடன் குறுக்கே வந்து, என்னோடு ஆடு என்று அவளை வற்புறுத்துகிறான். கிளார்க் பயந்தவனாக நடிக்கிறான். அதோடு நிற்காமல், அவனோடு ஒருமுறை ஆடிவிடு, பிறகு கிளம்பிவிடலாம் என்று அவளுக்கே புத்தி சொல்கிறான். லோயிஸ் அந்த முரடனைக் கன்னத்தில் அறைந்துவிட்டு எழுந்து போகிறாள். நீ ஒரு கோழை, அதனால்தான் உன்னைத் தவிர்க்கிறேன் என்று கிளார்க்கின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுப் போகிறாள்.

பிறகு கடத்தல், கார், மீட்பு. மீட்ட சூப்பர்மேன் அந்த நிருபரிடம் சொல்வது: இதைச் செய்தியாக்காமல் இருப்பது நல்லது. அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் மறுநாள் ஆசிரியரிடம் போய் நிற்கிறாள். அவர் நம்பவில்லை. போதையில் எதையோ பார்த்திருப்பாய் என்ற தொனியில் கேலி செய்கிறார். அவள் கண்ணால் கண்ட உண்மைக்குச் சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அதே அலுவலகத்தில் இருக்கிறான். நேற்று நடந்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே என்று அவளிடம் குழைவதைத் தவிர அவன் வேறொன்றும் செய்வதில்லை.

என் கோபம் இந்த இடத்தில்தான். யார் என்பதை மறைத்தான், சரி, அதற்குக் காரணம் இருக்கலாம். அவளுடைய வார்த்தை மதிப்பிழந்ததை வேடிக்கை பார்த்தானே, அதற்கு என்ன காரணம் சொல்ல முடியும்?

ஜூன் 2, இரவு

மூக்குக்கண்ணாடியைப் பற்றி எழுதாததற்கு ஒருவர் குறைப்பட்டிருக்கிறார். ஒரு கண்ணாடி எப்படி முகத்தை மறைக்கும் என்ற கேள்வி எனக்குச் சுவாரசியமாக இல்லை. கூத்தில் கிரீடம் வைத்தவர் ராஜா என்று ஒப்புக்கொண்டுதானே விடிய விடியப் பார்க்கிறோம்? கண்ணாடி போட்டவர் கிளார்க். கதை கேட்கிற சலுகை அது, கொடுத்துவிடலாம். அந்தச் சலுகையை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்கிறான் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

ஜூன் 3

எழுதியவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்ரி சீகல் எழுதினார், ஜோ ஷஸ்டர் வரைந்தார். இருவரும் கிளீவ்லாந்தில் ஒரே உயர்நிலைப் பள்ளியில் படித்தவர்கள். வெறும் 130 டாலருக்கு முதல் கதையையும் அதன் உரிமையையும் சேர்த்து விற்றவர்கள். தான் விரும்பிய பெண்கள் தன்னைத் திரும்பிப் பார்க்காத காலத்தில், தனக்குள் இருப்பது அவர்களுக்குத் தெரிந்தால் எப்படியிருக்கும் என்ற ஏக்கத்திலிருந்து இது பிறந்தது என்று சீகல் பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

ஏக்கம் எனக்குப் புரிகிறது. அதைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அந்த ஏக்கத்துக்குள் ஒரு சின்னப் பழிவாங்கலும் ஒளிந்திருக்கிறது. 'நீ அலட்சியப்படுத்துகிறவன்தான் நீ ஆசைப்படுகிறவன், உனக்குத்தான் தெரியவில்லை' என்று மனசுக்குள் சிரிப்பது. கதையின் கடைசிக் கட்டத்தில் கிளார்க் வாசகனைப் பார்த்துக் கண்ணடிக்கும் பழக்கம் பிற்பாடு வந்தது. அந்தக் கண்ணடிப்பில் வாசகன் உள்ளே, லோயிஸ் வெளியே. சிறுவயதில் நானும் வாசகனின் பக்கம் உட்கார்ந்து ரசித்தேன். பத்திரிகை வேலைக்குப் போன பிறகு அந்தப் பக்கம் உட்கார முடியவில்லை.

லோயிஸுக்கு மாதிரியாக ஷஸ்டரின் முன் அமர்ந்த ஜோன் என்ற பெண்ணைத்தான் 1948-ல் சீகல் மணந்தார் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். எப்போது படித்தாலும் எனக்கு மகிழ்ச்சி தருகிற செய்தி.

ஜூன் 4

முதல் நாள் குறிப்பில் சீகலை ஒரே இதழை வைத்து நிறுத்திவிட்டுப் போவது நியாயமாகாது. இரண்டே ஆண்டுகளில் அவரே இதைச் சரிசெய்ய முயன்றிருக்கிறார்.

1940-ல் அவர் எழுதிய ஒரு கதையில் 'கே மெட்டல்' என்ற உலோகம் வருகிறது. சூப்பர்மேனின் சக்தியைப் பறிக்கும் பிற்காலத்துக் கிரிப்டோனைட்டுக்கு முன்னோடி. சூப்பர்மேனின் சக்தி போய்விடுகிறது. ஒரு சுரங்கத்துக்குள் லோயிஸும் வேறு சிலரும் அவனும் சிக்கிக்கொள்கிறார்கள். சக்தி திரும்பியதும் அவர்களைக் காப்பாற்ற வேண்டுமானால் அவள் கண் முன்னாலேயே தான் யார் என்பதைக் காட்டியாக வேண்டும். காட்டுகிறான்.

அதற்குப் பிறகு லோயிஸ் கேட்கிற கேள்விகளைக் கவனியுங்கள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்பது முதல் கேள்வி. தெரிந்தால் தன் பணிக்கு இடைஞ்சல் என்கிறான். அப்படியானால் கோழைத்தனம் நடிப்பு என்று புரிந்துகொள்கிறாள். கிளார்க்காக இருந்தபோது என் மேல் காட்டிய அன்பும் நடிப்புதானா என்பது அடுத்த கேள்வி. அது மட்டும் நிஜம் என்கிறான். அவள் மயங்கி விழவில்லை. என்னை நம்பலாம் என்று உனக்குத் தெரிந்திருக்க வேண்டும், நான் உனக்கு உதவியாகவும் இருந்திருப்பேனே என்கிறாள். இது முன்பே எனக்குத் தோன்றவில்லையே என்று அவன் ஒப்புக்கொள்கிறான். இனி நாம் கூட்டாளிகள் என்று முடிவாகிறது.

அந்தக் கதை அச்சேறவில்லை. பதிப்பாளர்கள் நிறுத்திவிட்டார்கள். 1980-களின் கடைசியில்தான் அதன் பிரதி நிறுவனத்தின் பழைய காகிதங்களுக்குள்ளிருந்து வெளியே வந்தது. அது மட்டும் அன்றே வந்திருந்தால் இந்த இழையில் நாம் பேசுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது! லோயிஸ் என்ன கேட்பாள் என்று அவளைப் படைத்தவருக்குத் தெரிந்திருந்தது. கேட்க விடவில்லை.

ஜூன் 5

"அவளைப் பாதுகாக்கத்தான் மறைத்தான்" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள்.

எதிரிகளிடமிருந்து என்றால், எந்த எதிரிக்கு அவளைத் தெரியாது? 1958 முதல் 1974 வரை 137 இதழ்கள் அவள் பெயரில் ஒரு காமிக்ஸ் பத்திரிகை வந்தது. 'சூப்பர்மேனின் தோழி' என்று அட்டையிலேயே அச்சடித்திருந்தார்கள். மெட்ரோபோலிஸில் உள்ள அத்தனை கொள்ளைக்காரர்களுக்கும் யாரைக் கடத்தினால் சூப்பர்மேன் வருவான் என்பது மனப்பாடம். ஆபத்தில் அவளுக்கு முழுப் பங்கு கொடுத்தாகிவிட்டது. உண்மையில் மட்டும்தான் பங்கில்லை. இதற்குப் பெயர் பாதுகாப்பா?

அந்த 137 இதழ்களில் எனக்குப் பிடித்தவையும் இருக்கின்றன. ஆனால் அவள் ரகசியத்தைக் கண்டுபிடிக்க முயல்வதும், அவன் ஒரு தந்திரம் செய்து அவளுக்குப் பாடம் புகட்டுவதும் என்ற அச்சு திரும்பத் திரும்ப வரும்போது வாசிக்கவே பிடிக்காது. அவள் செய்வது அவளுடைய தொழில். ஊரின் மிகப் பெரிய செய்தியைத் துருவுகிறாள். ஆண் நிருபர் அதைச் செய்தால் துப்பறிதல், அவள் செய்தால் மூக்கை நுழைப்பது.

ஜூன் 7

1978-க்கு வருகிறேன். சூப்பர்மேனின் நாற்பதாம் ஆண்டுக்காக வந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் 484-ஆம் இதழ். 1938-ல் தொடங்கிய அந்தப் பழைய சூப்பர்மேன் வேறோர் உலகத்தில் வயதாகி வாழ்வதாக ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அந்த உலகத்துக் கல்யாணக் கதை இது.

ஒரு மந்திரவாதி சூப்பர்மேனை இல்லாமல் செய்துவிடுகிறான். கிளார்க் மிஞ்சுகிறான். தான்தான் சூப்பர்மேன் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது. மறைக்க எதுவும் இல்லாததால் கோழையாக நடிக்க வேண்டியதும் இல்லை. துணிச்சலாக எழுதுகிறான், கொள்ளைக் கூட்டங்களை அம்பலப்படுத்துகிறான். லோயிஸ் அவனை விரும்புகிறாள். கல்யாணமும் நடந்துவிடுகிறது.

தேனிலவில் அவனைச் சுடுகிறார்கள். குண்டு பாயவில்லை. அவனுக்கு அது தெரியவே இல்லை, அவள் பார்த்துவிடுகிறாள். அவன் தூங்கும்போது கத்தரிக்கோலால் முடியை வெட்டிப் பார்க்கிறாள், கத்தரிக்கோல்தான் கெடுகிறது.

அந்த ஓர் இரவில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. இப்போது ரகசியம் அவள் கையில், தெரியாதவன் அவன். அவளுக்குப் பிடித்த கணவன், தைரியசாலி, அவளுக்கே அவளுக்கு. பேசாமல் இருந்தால் இப்படியே போய்விடும். நாற்பது ஆண்டுகள் அவளுக்கு நடந்ததை அவள் திருப்பிச் செய்யலாம். அவளோ மந்திரவாதியைத் தேடிப் பிடித்து மந்திரத்தை முறிக்க வைக்கிறாள். அவனுடையது அவனிடம் போய்ச் சேர வேண்டும் என்பதற்காக.

நண்பரே, மதிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டீர்களே, இந்தப் பக்கங்களில் இருக்கிறது. அவன் அவளுக்குக் காட்டாததை அவள் அவனுக்குக் காட்டுகிறாள்.

ஜூன் 7, பிறகு

இதற்கு நேர் எதிரான ஒன்று 1980-ல் வந்த இரண்டாவது சூப்பர்மேன் திரைப்படத்தில் இருக்கிறது. அவளுக்கு உண்மை தெரிந்துவிடுகிறது, அவளால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியவில்லை, அவன் ஒரு முத்தத்தால் அவள் நினைவை அழித்துவிடுகிறான். திரையரங்கில் பலர் கண் கலங்கியிருக்கலாம். எனக்கு உடம்பு கூசியது. அவள் வேதனைப்பட்டாள் என்பது உண்மை. அந்த வேதனை அவளுடையது. எடுத்துவிடட்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

ஜூன் 8

பத்திரிகை ஆட்களுக்காக ஒன்று.

1986-ல் ஜான் பைர்ன் சூப்பர்மேன் கதையை முதலிலிருந்து மாற்றி எழுதினார். ஆறு இதழ்கள். அவருடைய கிளார்க் நடுங்கும் கோழை இல்லை. கன்சாஸில் வளர்ந்த, தன்மையான, வேலை தெரிந்த மனிதன். அந்த மனிதன்தான் நிஜம், சூப்பர்மேன் அவன் போட்டுக்கொள்கிற வேஷம் என்று வைத்தார். ரொம்ப நல்ல மாற்றம். அவள் வெறுக்க வேண்டும் என்பதற்காகவே ஒருவன் நடிக்க வேண்டியதில்லை என்று ஆகிவிட்டது.

ஆனால் இரண்டாம் இதழைப் பாருங்கள். சூப்பர்மேனின் முதல் பேட்டிக்காக லோயிஸ் அலைகிறாள். கடைசியில் காரைத் தண்ணீருக்குள்ளேயே விடுகிறாள், மூச்சுவிடும் கருவியைக் காரில் ஒளித்துவைத்துவிட்டு. அவன் வந்து தூக்குகிறான். வீட்டில் உட்கார்ந்து பேட்டி கொடுக்கிறான். காரில் அந்தக் கருவி இருந்தது எனக்குத் தெரியும் என்றும் சொல்கிறான். இதுவரை இருவரும் சமம், ரசிக்கலாம். பேட்டியை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு ஓடினால், புதிதாக வந்த கிளார்க் கென்ட் அதற்கு முன்பே செய்தியைக் கொடுத்துவிட்டான். வேலையும் அவனுக்குக் கிடைத்துவிட்டது.

தன்னைப் பற்றித் தானே எழுதிக் கொடுத்து, உயிரைப் பணயம் வைத்து உழைத்த ஒருத்தியின் செய்தியை முந்திக்கொண்டான். ஒரு தினசரியில் பல ஆண்டுகள் உதவி ஆசிரியராக இருந்தவள் நான். நீதிமன்றத்தில் நாள் முழுக்கக் காத்திருந்து நான் எடுத்த செய்தி, சம்பந்தப்பட்டவரின் வீட்டு வரவேற்பறையில் காபி குடித்தவரின் பெயரில் முதல் பக்கத்தில் வந்த காலை எனக்கு நன்றாகவே நினைவிருக்கிறது. முந்தியது யார் என்பதைவிட, அவருக்குத் திறந்த கதவு எனக்குத் திறக்கவே திறக்காது என்று தெரிந்துகொண்டதுதான் வலித்தது. லோயிஸ் பல வருடம் அந்தக் கோபத்தை வைத்திருப்பதாக வருகிறது. வைத்திருக்கட்டும்.

ஜூன் 11

இப்போது முக்கியமான இடம். இதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

1990 டிசம்பர், சூப்பர்மேன் ஐம்பதாம் இதழ். கிளார்க் கேட்கிறான், லோயிஸ் கல்யாணத்துக்குச் சம்மதிக்கிறாள். 1991 பிப்ரவரி, ஆக்‌ஷன் காமிக்ஸ் 662. தான் சூப்பர்மேன் என்று சொல்கிறான். முதலில் சம்மதம், பிறகு உண்மை.

இந்த வரிசை எனக்கு நீண்ட காலம் உறுத்தியது. முழுசாகத் தெரியாத ஒருவனுக்குச் சம்மதம் சொல்ல வைத்துவிட்டு, மோதிரம் போட்ட பிறகு 'இன்னொன்று இருக்கிறது' என்பதா?

இதே உறுத்தல் என் வாழ்க்கையிலும் நடந்தது. எங்கள் நிச்சயதார்த்தம் முடிந்த பிறகுதான், தனக்கு வலிப்பு நோய் இருக்கிறது, பள்ளி நாளிலிருந்து மாத்திரை சாப்பிடுகிறேன் என்று என் கணவர் சொன்னார். அவர்கள் வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் கூடி, கல்யாணம் முடியட்டும், பிறகு மெதுவாகத் தெரியட்டும் என்று முடிவு செய்திருந்தார்கள். அவர் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்தார். கையில் மருத்துவக் கோப்பு. அப்பாவிடம் பேசட்டுமா, உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று தோன்றியது என்றார்.

எனக்கு நோயைக் கேட்டு அதிர்ச்சியில்லை. நிச்சயத்துக்கு முன்னால் ஏன் வாயைத் திறக்கவில்லை என்றுதான் சண்டை போட்டேன். அவர் தன் வீட்டாரைக் காரணம் காட்டவில்லை. "கல்யாணப் பத்திரிகை இன்னும் அடிக்கக் கொடுக்கவில்லை. நான் கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறேன்" என்றார்.

எங்கள் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். பத்திரிகை அடித்து, குலதெய்வத்துக்கு முன் வைத்து, நாலு வீட்டுக்குக் கொடுத்துவிட்டால் பெண் வீட்டால் வாயைத் திறக்க முடியாது. அதற்கு முன் என்றால் ஜாதகத்தில் ஏதோ சரியில்லை என்று சொல்லிக்கூட நிறுத்திவிடலாம். நான் வேண்டாம் என்று சொல்வதற்கான வழியை அவர் மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், தன் வீட்டாரையே எதிர்த்து.

அன்று நான் பதில் சொல்லவில்லை. கோப்பை வாங்கி வைத்துக்கொண்டேன். ஒரு நரம்பியல் மருத்துவரிடம் காட்டிப் பேசினேன். யோசித்தேன். அவர் ஒரு தடவைகூட என்ன முடிவு என்று கேட்டு அவசரப்படுத்தவில்லை.

ஜூன் 12

நேற்று எழுதியதைத் தொடர்கிறேன். 1990 இதழில் கிளார்க் கேட்கும்போது அவனுக்குச் சக்தியே இல்லை. சிவப்புக் கிரிப்டோனைட்டின் விளைவாகச் சாதாரண மனிதனாகிவிட்ட நாட்களில்தான் கேட்கிறான். அதாவது, கேட்ட அன்று அவன் அவளுக்குக் காட்டிய மனிதன் முழு மனிதன்தான். சக்தி திரும்பி வந்த பிறகுதான் சொல்ல வேண்டியது என்று ஒன்று மறுபடி முளைக்கிறது. முளைத்ததும் சொல்லிவிடுகிறான், கல்யாணத் தேதிக்கு வெகு முன்பாகவே.

கேட்டவள் துள்ளிக் குதிக்கவில்லை. அதை எழுதியவர்களுக்கு என் நன்றி. இத்தனை வருடம் எதிரெதிர் மேசையில் உட்கார்ந்தவன் யார் என்று பின்னோக்கி ஒவ்வொரு நாளையும் அவள் மாற்றிப் படிக்க வேண்டியிருக்கிறதே, அதற்கு நேரம் வேண்டாமா?

ஆகவே முதல் கேள்விக்கு என் பதிலை இப்படித் திருத்திக்கொள்கிறேன். ரகசியம் வைத்திருப்பது அவமதிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. அவளுடைய அறியாமையை வைத்துச் சிரிப்பதும், அவளைச் சோதிப்பதும், அவள் தொழிலில் முந்துவதும் அவமதிப்பு. வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு இன்னும் இடமிருக்கும்போதே சொல்லிவிடுகிறானா என்றுதான் பார்ப்பேன். 1938-ன் கிளார்க் அதில் தோற்கிறான். 1991-ன் கிளார்க் தேறுகிறான்.

ஜூன் 12, இரவு

ஆமாம், அவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். கேட்டவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரே பதில்!

ஜூன் 15

ஸ்பைடர்மேனை ஏன் விட்டுவிட்டேன் என்று கேட்கிறார்கள். விடவில்லை.

பீட்டர் பார்க்கரின் காதலி க்வென் ஸ்டேசி 1973-ல் இறக்கிறாள், தன் பீட்டர்தான் ஸ்பைடர்மேன் என்பது தெரியாமலேயே. ஸ்பைடர்மேனை அவள் தன் தந்தையின் சாவுக்குக் காரணமானவனாக வெறுத்தாள். அந்த வெறுப்பு பீட்டருக்குத் தெரியும், அதைத் தாங்கிக்கொண்டே பழகினான். அவன் மேல் எனக்கு இரக்கம்தான். ஆனால் க்வென் தன் சாவுக்கான காரணத்தைக்கூட அறியாமல் போனாள்.

பீட்டரின் இன்னொரு தோழி மேரி ஜேனின் கதை வேறு. 1984-ல், அமேசிங் ஸ்பைடர்மேன் 257-ஆம் இதழில், நீ யார் என்று எனக்கு ரொம்ப நாளாகவே தெரியும் என்று அவளே சொல்லிவிடுகிறாள். பிறகு 1989-ல் வந்த ஒரு நூல் இன்னும் பின்னால் போனது: பெரியப்பா பென் கொல்லப்பட்ட இரவிலேயே, பக்கத்து வீட்டு ஜன்னலிலிருந்து அவள் பார்த்துவிட்டாள் என்று.

அப்படியானால் அத்தனை காலமும் பீட்டர் சாக்குச் சொல்லிவிட்டு ஓடும்போதெல்லாம் அவள் தெரிந்தே சிரித்து வழியனுப்பியிருக்கிறாள். கிளார்க் செய்ததையே இவளும் செய்தாள், அவனைக் கண்டித்துவிட்டு இவளை எப்படி விடுவது என்று நாள் முழுக்க யோசித்தேன். வித்தியாசம் இருக்கிறது. அவள் அதை வைத்து அவனைச் சிறுமைப்படுத்தவில்லை. அது அவன் சொல்ல வேண்டியது, தான் பிடுங்கக் கூடாது என்று விட்டுவைத்தாள். சொல்லிய பிறகு, 259-ஆம் இதழில், தன் வீட்டுக் கதையையும் சொல்கிறாள்: முரட்டுத் தந்தை, உடைந்த குடும்பம், எல்லாவற்றையும் மறைக்கத் தான் போட்டுக்கொண்ட கொண்டாட்டக்காரி வேஷம். அவன் ரகசியத்தை எடுத்துக்கொண்டதற்கு ஈடாகத் தன்னுடையதை வைக்கிறாள். லோயிஸுக்கும் கிளார்க்குக்கும் இப்படி ஒரு காட்சியை யாரும் எழுதவில்லையே என்று ஏக்கமாக இருக்கிறது.

ஜூன் 16

ஃபெலிசியா ஹார்டி, அதாவது ஸ்பைடர்மேனைக் காதலித்த முகமூடித் திருடி பிளாக் கேட். பீட்டர் முகமூடியைக் கழற்றிக் காட்டியபோது அவளுக்கு ஏமாற்றம். அவளுக்கு ஸ்பைடர்மேன் போதும், வாடகைக்குத் திண்டாடும் பீட்டர் வேண்டாம். அவளைத் திட்டுபவர்கள் அதிகம். நான் திட்ட மாட்டேன். உண்மையைச் சொல்வது என்றால் இதற்கும் தயாராக இருப்பதுதான். கேட்பவர் கை தட்டியாக வேண்டும் என்று எங்கும் எழுதி வைக்கவில்லை.

ஜூன் 19

சொல்லிவிட்டால் முடிந்துபோகிறதா என்று ஒரு தம்பி நல்ல கேள்வி கேட்டிருக்கிறார்.

முடிவதில்லை. 1992 நவம்பரில் கடைக்கு வந்த சூப்பர்மேன் 75-ஆம் இதழில் அவன் டூம்ஸ்டே என்ற அரக்கனோடு மோதிச் சாகிறான். உடல் லோயிஸின் கைகளில். உலகமே அழுகிறது. அவள் சூப்பர்மேனின் தோழியாக அழலாம், அவனுக்கு நிச்சயிக்கப்பட்டவளாக அழ முடியாது. கிளார்க் கென்ட்டோ இடிபாடுகளில் காணாமல் போனவர்களின் பட்டியலில் இருக்கிறான். கிடைப்பார், தைரியமாக இரு என்று அலுவலகத்தில் ஆறுதல் சொல்வார்கள், அவள் கேட்டுக்கொள்ள வேண்டும். வளர்த்த பெற்றோர் கன்சாஸில் தொலைக்காட்சியில் மகனின் இறுதி ஊர்வலத்தைப் பார்க்கிறார்கள். ஊருக்கு முன்னால் அவர்களும் வாய்விட்டு அழ முடியாது.

அந்த இதழ்களை நான் முதலில் படித்தபோது என் கணவர் ஒரு வலிப்புக்குப் பிறகு மருத்துவமனையிலிருந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வேலை செய்யும் இடத்தில் யாருக்கும் தெரியக் கூடாது என்பது அவர் விருப்பம். காய்ச்சல் என்று தொலைபேசியில் சொன்னது நான். அவருடைய ரகசியத்தில் பங்கு வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கியவளும் நான்தான். பங்கு என்றால் இதுவும் சேர்ந்ததுதான். அதற்காக நான் வருந்தியதில்லை, ஆனால் யாரிடமும் சொல்ல முடியாமல் நிற்கும் லோயிஸை நான் அப்போது வாசித்ததைப் போல முன்பு வாசித்ததில்லை.

சில ஆண்டுகள் கழித்து அவரே தன் மேலதிகாரியிடம் சொன்னார். சொல்லலாமா என்று முதலில் என்னைக் கேட்டார். ஏனென்றால் அதற்குள் அது என்னுடையதாகவும் ஆகியிருந்தது.

ஜூன் 20

கொஞ்சம் விலகிப் போகிறேன். ராணி காமிக்ஸில் மாயாவி படித்து வளர்ந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். லீ ஃபாக் 1936-ல் படைத்த அந்த முகமூடி வீரருக்கும் அவர் காதலி டயானாவுக்கும் 1977-ல்தான் கல்யாணம் நடந்தது. நாற்பது ஆண்டுக் காத்திருப்பு. ஆனால் டயானாவுக்கு அவர் யார் என்பது தெரியும். உலகத்துக்கு முகம் தெரியாது, அவளுக்குத் தெரியும். ஐக்கிய நாடுகள் சபையில் அவளுக்கென்று ஒரு வேலை, அவருக்குக் காட்டில் ஒரு வேலை. அவளை முட்டாளாக்கினால்தான் கதை நகரும் என்ற நிலை அங்கே இல்லை. சூப்பர்மேனுக்கு இரண்டு ஆண்டுகள் முந்தியே தொடங்கிய தொடர் அது. அந்தக் காலம் அப்படி என்ற சமாதானத்தை நான் ஏற்காததற்கு டயானாவும் ஒரு காரணம்.

ஜூன் 24

கடைசியாக ஒன்று. 1996-ல் லோயிஸ், கிளார்க் கல்யாணம் நடந்தது, காமிக்ஸிலும் தொலைக்காட்சித் தொடரிலும் ஒரே மாதத்தில். 2011-ல் வரலாற்றை மாற்றி எழுதியபோது அந்தக் கல்யாணத்தையே அழித்தார்கள், 2016-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள், கூடவே ஜான் என்ற மகனையும். 2019 டிசம்பரில் சூப்பர்மேன் உலகத்துக்கே தன் பெயரைச் சொல்லிவிட்டான். ஆசிரியர் பெர்ரி வைட்டிடம் தனியாகச் சொல்லும் பக்கம் இருக்கிறது. அவர் ஒன்றும் பேசாமல் கட்டிக்கொள்கிறார். எனக்கும் நெகிழ்ந்தது.

ஆனால் பெர்ரி அதோடு விட்டிருக்கக் கூடாது. அவர்கள் வேலை பார்க்கும் டெய்லி பிளானட் பத்திரிகைக்கு வாசகர்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறதே? சூப்பர்மேனைப் பற்றி அவர்கள் படித்த செய்திகளில் ஒரு பகுதியை சூப்பர்மேனே எழுதினான், இன்னொரு பகுதியை அவன் மனைவி எழுதினாள். காசு கொடுத்து வாங்கிப் படித்தவர்களுக்கு இது தெரியாது. 1938-ல் லோயிஸ் நின்ற இடத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள், அவர்களை அங்கே நிறுத்தியதில் அவளுக்கும் பங்கு உண்டு. அவள் பெயரில், முதல் பக்கத்தில், எந்தெந்தச் செய்தி எப்படி எழுதப்பட்டது என்று விளக்கி ஒரு கட்டுரை வர வேண்டும். அதை எழுதக்கூடிய நேர்மை அவளுக்கு உண்டு என்றுதான் நான் இத்தனை வருடம் அவளைப் படித்து வருகிறேன். 2022 கடைசியில் சூப்பர்மேனின் பரம எதிரி லெக்ஸ் லூதர் உலகத்தின் நினைவிலிருந்து அந்த ரகசியத்தை மறுபடி அழித்துவிட்டதாகக் கதையை மாற்றிவிட்டார்கள். கட்டுரைக்கான வாய்ப்பும் அதோடு போயிற்று.

அந்த மூன்று ஆண்டு இதழ்களில் அவள் வாசகர்களுக்கு நேராகப் பதில் சொல்கிற பக்கம் எங்காவது உங்கள் கண்ணில் பட்டிருந்தால் இதழ் எண்ணைப் போடுங்கள். வாங்கிப் படித்துவிட்டு வருகிறேன்.